சாய்மனைச் சைக்கிள்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

"எனக்கொரு சைக்கிள் வாங்கித் தாங்க வாப்பா" என்று பிள்ளை கேட்கும். வாப்பா கொஞ்சம் இளகுவார். ஆனால் உம்மா, "ரோட்டில லொறியும் பஸ்ஸும் ஓடுற ஓட்டத்தில இவனுக்குச் சைக்கிளா? வேணவே வேணாம்" என்று ஒரே போடாகப் போட்டு விடுவார். இந்த வழக்கு நம் வீடுகளில் மட்டும்தான் நடக்கிறது என்று எண்ணி விடாதீர்கள். சுமார் நூறு வருடங்களுக்கு முன் பிரான்ஸ் நாட்டில் ஒரு வீட்டிலும் இதே வழக்கு நடந்தது. அந்தத் தாய் மறுத்த மறுப்பிலிருந்துதான் ஒரு புதுமையான வண்டி பிறந்தது.

அந்த வீட்டுத் தலைவரின் பெயர் சார்ள்ஸ் மொஷே. சிறிய, பாரம் குறைந்த மோட்டார் கார்களைச் செய்து விற்று வந்தவர். மகன் ஜோர்ஜ் சைக்கிள் கேட்டான். சைக்கிள் ஆபத்தானது, விழுந்து விடுவான் என்று தாய் ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பன் பார்த்தார், விழ முடியாத ஒரு வண்டியாகவே செய்து கொடுத்து விட்டால் என்ன? நான்கு சக்கரம், சாய்ந்து உட்காரும் ஆசனம், காலை முன்னே நீட்டி மிதிக்கும் பெடல். சிறுவன் அதில் ஏறி மிதித்தான். சாதாரண சைக்கிளில் வந்த பிள்ளைகளை அவன் முந்திக்கொண்டு போகத் தொடங்கியபோதுதான் இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மொஷேக்குப் பட்டது.

பெரியவர்களுக்காக இருவர் அமரும் பெடல் காரொன்றைச் செய்தார். அதற்கு "வெலோகார்" என்று பெயர். அதிலே ஒரு குறை: வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் கவிழப் பார்த்தது. எனவே அதை நடுவே வெட்டியது போல, இரண்டு சக்கரத்துடன் ஒன்றைச் செய்து பார்த்தார். தலைக்கும் முதுகுக்கும் சாய்மனைக் கதிரை போல இடம், கால்கள் முன்னால். இன்று உலகம் முழுவதும் ஓடுகின்ற சாய்மனைச் சைக்கிள்களில் பலவற்றுக்கு இதுதான் மூத்த நானா.

விபரீதம் 1933இல் நடந்தது. பிரான்சிஸ் போர் என்பவர் பெரிய பெயரெடுத்த ஓட்டவீரர் அல்ல. அவருடைய சகோதரர் பெனுவா போர்தான் பிரபலமானவர். அந்த இரண்டாந்தர வீரர் மொஷேயின் வண்டியில் படுத்தபடி 1933 ஜூலை 7ஆம் திகதி பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோ மீற்றர் ஓடினார். 1914ஆம் ஆண்டு ஒஸ்கார் எக் என்பவர் ஏற்படுத்திய 44.247 கிலோ மீற்றர் சாதனையை ஏறத்தாழ இருபது வருடங்களாக ஒருவராலும் அசைக்க முடிந்திருக்கவில்லை!

சர்வதேச சைக்கிள் சங்கம் கூடியது. இது சைக்கிளா, வேறு ஏதேனுமா? 1934இல் தீர்ப்பு வந்தது. சீட்டின் முன்நுனி, பெடல் அச்சுக்கு எவ்வளவு பின்னால் இருக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. சாய்ந்து உட்காருகிறவனுடைய சீட் அதைவிட எத்தனையோ மடங்கு பின்னால் இருக்கும் அல்லவா? ஆகவே மொஷேயின் வண்டி சைக்கிளே அல்ல என்றாகி விட்டது. அதே வருடம் மொஷேயும் காலமானார். மகன் ஜோர்ஜ் விடவில்லை. 1939 மார்ச்சில், காற்றைக் கிழிக்கும் கூடு பூட்டிய வண்டியில் அதே பிரான்சிஸ் போர் ஒரு மணி நேரத்தில் 50.537 கிலோ மீற்றர் ஓடிக் காட்டினார். சங்கம் அசையவில்லை.

போட்டிக்குப் போடப்பட்ட விதிதானே, வீதியில் ஓடுகிறவனுக்கு என்ன என்று கேட்கலாம். கடைக்காரர்கள் போட்டியில் ஓடுகிற மாதிரியைத்தான் செய்து விற்பார்கள். போட்டியில் இல்லாத மாதிரி கடையிலும் இல்லை. அப்படித்தான் இந்த வண்டி தொழிற்சாலைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்து போய், பிற்காலத்தில் வீட்டுக் கொல்லைகளிலும் கராஜ்களிலும் மீண்டும் தலைகாட்டியது.

கடிதத்தில் போன வரைபடம்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டேவிட் கோர்டன் வில்சன் என்றொரு பேராசிரியர் இருந்தார். ஆங்கிலேயர், இயந்திரவியலாளர், சைக்கிளின் விஞ்ஞானம் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. சாதாரண சைக்கிளில் திடீரென்று பிரேக் பிடித்தால் ஓட்டுகிறவன் ஹென்டிலுக்கு மேலாகத் தலைகீழாகப் போய் விழுகிறான் என்பது அவருடைய பெரிய கவலை. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து பிரெட் வில்கி என்பவர் அவரிடம் வரைபடம் கேட்டார். பேராசிரியர் வரைந்து அனுப்பினார். வில்கி செய்து பார்த்தார்; குறைகள் தெரிந்தன; எழுதினார்; திருத்திய வரைபடம் போனது; இரண்டாவது வண்டி பிறந்தது. அதையே வில்சன் விலைக்கு வாங்கி, தாமும் ஓட்டி, மேலும் திருத்தினார். பின்னர் "அவதார் 2000" என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வண்டியின் பரம்பரை இதுதான்.

இதற்குப் பிறகு வீட்டில் செய்கிறவர்கள் பெருகினார்கள். கனடாவில் பிராட் கிரகாம் என்பவர், கதி மக்கோவனுடன் சேர்ந்து, குப்பையில் வீசிய சைக்கிள்களை வெட்டி ஒட்டி விதவிதமான வண்டிகள் செய்யும் முறையை 2004இல் நூலாகவே வெளியிட்டார். பெரிய பட்டறை வேண்டாம்; ஓர் இரும்பு வாள், ஒரு கிரைண்டர், சாதாரண வெல்டிங் இயந்திரம் போதும் என்பதுதான் அவர்களின் வழி. சட்டம் ஒதுக்கி வைத்த வண்டி பழைய இரும்புச் சாமான்களில் இருந்து மறுபடி எழும்பி வந்தது எவ்வளவு வேடிக்கை!

2022இல் நம் நாட்டில் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றபோது, துருப்பிடித்த சைக்கிள்களை எத்தனை பேர் தட்டி எடுத்தோம் என்பது நினைவிருக்கும். அப்போது திருத்தியது போக மீந்த பழைய பிரேம்கள் இன்னமும் பல வீட்டுக் கொல்லைகளில் கிடக்கின்றன. அப்படிக் கிடக்கும் இரண்டு சைக்கிள்களை வைத்து என்ன செய்யலாம் என்று இனிப் பார்ப்போம்.

முதலில் சுவரும் சோக்கும்

சாய்மனைச் சைக்கிளில் பல வகை உண்டு. முன்சக்கரம் பெடலுக்குப் பின்னால், தொடைக்குக் கீழே இருக்கும் குட்டையான வகை ஒன்று. முன்சக்கரம் பெடலுக்கு முன்னால் இருக்கும் நீளமான வகை மற்றொன்று. முதன் முதலில் செய்கிறவர் நீளமானதையே செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஓட்டப் பழகுவது இலகு. செயினும் வளைந்து நெளியாமல் ஏறக்குறைய நேராகவே பின்னால் போகும்.

வாள் எடுக்கும் முன் உடம்பை அளக்க வேண்டும். ஓட்டப் போகிறவர் தரையில் அமர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டி, கால்களை நேராக நீட்டட்டும். சுவரிலிருந்து உள்ளங்கால் வரையுள்ள தூரம்தான் இந்த வண்டியின் மூல அளவு. சீட்டின் சாய்விலிருந்து, பெடல் மிகத் தூரத்துக்குப் போய் நிற்கும் இடம் வரை அந்த அளவு இருக்க வேண்டும். அப்போது குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராகும். முன்பாதத்தை வைத்து மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கி இருக்கும். மடங்காமல் விறைத்து நின்றால் முழங்கால் வலி நிச்சயம். வளரும் பிள்ளைக்கென்றால் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்ட வசதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடமே வண்டி சிறுத்துப் போகும்.

பிறகு சீமெந்துத் தரையில் சோக்கினால் வண்டியை முழு அளவில் வரையுங்கள். கடதாசியில் சிறிதாக வரைந்தால் அழகாக இருக்கும். ஆனால் குதிகால் சக்கரத்தில் இடிக்குமா என்பது அதில் தெரியாது. பின்சக்கரம் 26 அங்குலம், முன்சக்கரம் 20 அங்குலம் என்று கொண்டால், இரண்டு அச்சுக்களுக்கும் இடையில் ஐந்தரை அடி தொடக்கம் ஆறு அடி வரை வரும். சீட் தரையிலிருந்து 50 தொடக்கம் 55 சென்ரிமீற்றர். அதாவது கதிரையை விடச் சற்று உயரம். இரு பாதமும் நிலத்தில் தாராளமாகப் பதிய வேண்டும். பெடல் அச்சு சீட்டை விட நாலைந்து அங்குலம் தாழ இருந்தால் பழகுகிறவருக்குப் பயமிருக்காது. போட்டி வண்டிகளில் அது சீட்டை விட மேலே இருக்கும். அது நமக்கு வேண்டாம். வரைந்த பின் அந்தச் சோக்குக் கோட்டின் மேலேயே ஒருக்களித்துப் படுத்து, காலை மடக்கி நீட்டிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்!

வெட்டுவதும் ஒட்டுவதும்

பெரிய சைக்கிளின் பின்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, சீட் குழாய்க்கு முன்னால் உள்ள இரண்டு குழாய்களையும் வெட்டி விடுங்கள். சிறுவர் சைக்கிளில் நமக்கு வேண்டியது தலைப்பகுதி மட்டும்: முன்சக்கரம், அதைப் பிடிக்கும் கவட்டை, கவட்டை சுழலும் குட்டைக் குழாய். பெடல் அச்சு சுழலும் குறுக்குக் குழாய் ஒன்றை அந்தச் சிறுவர் சைக்கிளிலிருந்தே வெட்டி எடுக்கலாம். இவை எல்லாவற்றையும் சேர்ப்பது ஒரு நீண்ட முதுகெலும்பு. ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், கனம் 1.5 மில்லிமீற்றருக்குக் குறையாமல். கடையில் "பொக்ஸ் பார்" என்று கேட்டால் தருவார்கள். அது பின்னால் பழைய பெடல் அச்சு இருந்த இடத்தில் தொடங்கி, சற்றே மேலேறி, முன் தலைக்குழாயில் போய் முடியும். புதிய பெடல் அச்சு முன்சக்கரத்துக்குப் பின்னால், இந்த முதுகெலும்பிலேயே அமரும். முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பினாலும் பாதம் அதில் தட்டாத இடமாகப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்குப் பாவிக்கும் ஜீ.ஐ. குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்து விடாதீர்கள். அதன் மேல் நாகம் பூசப்பட்டிருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது புகையாகக் கிளம்பும்; அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் போல வரும். அதேபோல, வெல்டிங் ஒளியை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை விடவே கூடாது. பார்க்கும்போது ஒன்றும் செய்யாது. இரவில்தான் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரியும்.

சைக்கிள் குழாய் மிக மெல்லியது. கேற் செய்து பழகிய கை அதே சூட்டைக் கொடுத்தால் ஓட்டை விழுந்து விடும். உங்களுக்கு வெல்டிங் தெரியாவிட்டால், சோக்கு வரைபடத்தின் அளவுகளோடு வெட்டிய துண்டுகளைத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போவதில் வெட்கம் எதுவுமில்லை. பித்தளை வைத்துக் காஸில் ஒட்டத் தெரிந்த பழைய சைக்கிள் திருத்துநர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எங்கு செய்வித்தாலும், முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு சக்கரத்தையும் பூட்டி, முன்னிருந்து பின்னுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, இரண்டும் ஒரே கோட்டில், ஒரே செங்குத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் அப்போது தட்டி நேராக்கலாம். முழுதாக ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் மறுபடியும் வாள்தான்.

தலைக்குழாயின் சாய்வுதான் வண்டியின் குணம். சிறுவர் சைக்கிளில் அது எவ்வளவு சாய்ந்திருந்ததோ அதே அளவு சாய்ந்திருக்கும்படி ஒட்டுங்கள். அந்தக் குழாயின் நேராக ஒரு குச்சியை நிலம் வரை நீட்டினால், அது டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னால் குத்த வேண்டும். அப்போதுதான் சக்கரம் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும். பின்னால் குத்தினால் வண்டி உங்கள் கையை முறுக்கிக்கொண்டு தன் போக்கில் போகும்.

ஹென்டிலை என்ன செய்வது? தலைக்குழாய் உங்கள் மார்பிலிருந்து மூன்று நான்கு அடி தூரத்தில் இருக்கிறதே! எருமைக் கொம்பு போல நீண்டு பின்னால் வளைந்து வரும் ஹென்டில் செய்வது இலகுவான வழி. வில்சனின் "அவதார்" வண்டியில் ஹென்டில் சீட்டுக்குக் கீழே, தொடையின் இரு பக்கமும் இருந்தது. ஒரு கம்பி மூலம் முன்சக்கரத்தோடு தொடுத்திருந்தார்கள். கைக்கு அது மிகவும் சுகமானது. ஆனால் அந்தக் கம்பியின் மூட்டு ஒன்று கழன்றால் திருப்பவே முடியாது. எனவே முதல் வண்டிக்கு எருமைக் கொம்பே போதும்.

ஒரு செயின் எட்டாது; செயின்களை ஒன்றோடொன்று இணைத்துத் தேவையான நீளத்துக்குக் கொண்டு வாருங்கள். முதுகெலும்பின் வலப்பக்கமாக அது ஓடும். இழுக்கும் மேல்செயினை நேராக விட்டு விடுங்கள். தொங்கும் கீழ்ச்செயினுக்கு மட்டும் ஒரு சிறு சில்லு வைத்துத் தூக்கிக் கொடுங்கள். முன் பல்சக்கரம் சாதாரண சைக்கிளில் உள்ளதை விடச் சிறிதாக இருக்கட்டும். ஏற்றத்தில் எழும்பி நின்று உடம்புப் பாரத்தைப் போட்டு மிதிக்க இதில் வழியில்லை; கால் பலம் மட்டுந்தான். கண்டியிலோ பதுளையிலோ இருப்பவர்கள் கியர் இல்லாமல் இதைச் செய்ய நினைக்கவே வேண்டாம்.

பிரேக் இரண்டும் கட்டாயம். இந்த நீளமான வகையில் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் விழுவதால் பின் பிரேக் நன்றாகப் பிடிக்கும். மணல் ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சறுக்கி விடும். பின் பிரேக்கின் சாதாரண கேபிள் எட்டாது. இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போடுவது உயிரோடு விளையாடுவது. முழு நீளத்துக்கும் ஒரே கேபிளாகத் தேடி வாங்குங்கள்.

சீட்டுக்கு அரை அங்குலப் பலகையும் மேலே பஞ்சும் போதும். நம் வெயிலில் முதுகு நனைந்து விடும் என்பதால், கம்பிச் சட்டத்தில் நைலோன் பட்டி பின்னிய சாய்வு இன்னும் நல்லது. பிளாஸ்டிக் கதிரையை வெட்டிப் பூட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் முதுகு பின்னால் தள்ளுகிறது. பிளாஸ்டிக் சாய்வு ஒருநாள் முறியும். எதைச் செய்தாலும் சாய்வின் பின்னால் இரண்டு இரும்புக் கம்பிகளைப் பின்சக்கர அச்சுப் பக்கம் வரை இறக்கிப் பூட்டுங்கள்.

ஏறுவதற்கு முன்

முதலில் ஏற வேண்டியது பிள்ளையல்ல, அரிசி மூட்டை. ஐம்பது கிலோ மூட்டை இரண்டைச் சீட்டில் ஏற்றி, வண்டியைப் பிடித்து ஆட்டி, சிறு படியிலிருந்து இறக்கிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஒட்டையும் துணியால் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் அதை வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும்.

ஓட்டப் பழக வெறும் மைதானம் வேண்டும். சாதாரண சைக்கிளில் புலியாக இருப்பவரும் இதில் முதல் பத்து நிமிடம் தடுமாறுவார். பலமான காலின் பெடலை மேலே கொண்டு வந்து, ஒரே மிதியில் கிளம்புங்கள். தோளைத் தளர விட்டு, தூரத்தில் பாருங்கள். ஹென்டிலை இழுத்துப் பிடித்தால் வண்டி பாம்பு போல நெளியும். ஓடும்போது காலை நிலத்தில் ஊன்றவே கூடாது. நிலம் காலைப் பின்னால் இழுத்து சீட்டுக்கு அடியில் மடக்கி விடும். நின்ற பிறகுதான் கால்.

விழுந்தாலும் உயரம் குறைவு. தலைகீழாகப் போகும் ஆபத்தும் மிகக் குறைவு. வில்சனின் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது. ஆனால் உம்மாவின் கவலைக்கு முழுப் பதில் இல்லை. லொறிச் சாரதியின் கண்ணுக்கு இந்த வண்டி சாதாரண சைக்கிளை விடத் தாழ்வாகத்தான் தெரியும். ஆகவே பின்னால் ஆறடிக் கம்பில் செம்மஞ்சள் கொடி, இரு பக்கமும் கண்ணாடி, இரவுக்கு விளக்கு எல்லாம் வேண்டும். சாய்ந்திருப்பவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கஷ்டம் என்பதால் கண்ணாடி அலங்காரமல்ல. காலி வீதி, கொழும்பு வீதி போன்ற நெரிசலில் பிள்ளைகளை இதில் அனுப்புவதை நானும் ஏற்க மாட்டேன். ஊருக்குள், கடற்கரைப் பாதையில், வயல் ரோட்டில் ஓடட்டும்.

அங்கே இதன் சுகம் தெரியும். முதுகு வலியில்லை, மணிக்கட்டு வலியில்லை, கழுத்து நிமிர்த்திப் பார்க்கும் தொல்லையில்லை. எதிர்க்காற்றிலும் இது இலகுவாகப் போகும். சமதரையில் வேகமாக ஓடுகையில் நம் பலத்தின் பெரும்பகுதியைத் தின்பது காற்றுத்தான். சாய்ந்தவன் காற்றுக்குக் காட்டும் உடம்பு குறைவு. இந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2016இல் அமெரிக்காவின் நெவாடாவில் டொட் ரைகேர்ட் என்ற கனடாக்காரர், கூடு மூடிய சாய்மனைச் சைக்கிளில் மணிக்கு 144.17 கிலோ மீற்றர் வேகத்தை வெறும் கால் பலத்தால் எட்டினார். வாப்பாமார் இந்த எண்ணை வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது!

கடைசியாக ஒன்று. வண்டி ஓடத் தொடங்கியதும் பெயின்ற் அடித்து அழகு பார்க்க ஆசை வரும். ஒரு மாதம் பொறுங்கள். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை ஒட்டுகளைப் பார்த்து வாருங்கள். ஒட்டில் விரிசல் விடுவதானால் பெரும்பாலும் அந்த மாதத்திலேயே விட்டு விடும். பெயின்ற் அடித்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது.